என்ன சிந்தியது?

தெருவுக்கு நான் ஜப்பான்காரி.
பிறந்தது இதே புவனோஸ் அயர்ஸ், போயேதோ வட்டாரம்,
இந்தக் கடையின் பின்னறை.
ஒகினாவாவை வரைபடத்தில் காட்டச் சொன்னால்
எனக்கும் கண்ணாடி வேண்டும்.

உள்ளே வரும் யாரிடமும்
வணக்கத்துக்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்:
என்ன சிந்தியது?

வெட்கப்படுவார்கள்.
காப்பி என்பாள் ஒருத்தி.
மோந்து பார்ப்பேன். இரத்தம்.
இரத்தமென்றால் பச்சைத் தண்ணீர் போதும்;
வெந்நீர் காட்டினாலோ துணியோடு
சம்பந்தம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.
பேனா மைக்குச் சாராயம்,
அடியில் ஒரு வெள்ளைத்துணி,
மை இடம் மாறுமே தவிர
எங்கும் காணாமல் போவதில்லை.
ஈரப்பட்டை ஒற்று, தேய்க்காதே.
தேய்த்தால் கறை இருக்கும், மினுக்கம் போகும்,
அப்புறம் எந்தப் புனிதர் வந்தும் பயனில்லை.
வெல்வெட்டை ஊசிப்பலகைமேல் குப்புறக் கிடத்தி
ஆவி மட்டும் காட்டு, இரும்பைக் காட்டாதே.
சிப்பிப் பொத்தான்களுக்கு
ஒவ்வொன்றாய் வெள்ளித்தாள் சுற்று.

பாரெனெச்சேயா, நோட்டரி,
மணல்நிற லினன் கோட்டைக் கொண்டுவந்தார்.
என்ன சிந்தியது?
'ஒன்றுமில்லை. தூசி.'
சீட்டில் எழுதினேன்: தூசி.

இயந்திரத்துக் கரைப்பான்
எண்ணெயைக் கண்டால் விடாது,
சர்க்கரையை அதற்கு அடையாளம் தெரியாது.
கோட்டு சுத்தமாகத்தான் வெளியே வந்தது.
மேசையில் விரித்து ஆவியைத் திறந்தேன்.

இடது மார்பில்
முதலில் மஞ்சள்,
பிறகு தேநீர் நிறம்,
ஓரம் மட்டும் கருத்து
ஒரு தீவுக்கூட்டம் எழுந்து வந்தது.

இனிப்பு அப்படித்தான்.
காய்ந்தால் கண்ணுக்குப் படாது,
வாரக்கணக்கில் வாயைத் திறக்காது.
சூடு பட்டதும்
தன் பெயரைத் தானே சொல்லும்.

'எரித்துவிட்டாய்' என்றார் நோட்டரி.
கவுண்டர் மணி தானாகவே அதிர்ந்தது.
எரிந்திருந்தால் நார் பொடியும்,
நகத்தால் சுரண்டிப் பாருங்கள் என்றேன்.
சுரண்டவில்லை.
புகார் எழுதப்போவதாகச் சொன்னார்.
எழுதத் தெரிந்தவர்தான்.

ஒன்று மட்டும் நான் சொல்லவில்லை.
தன் கையில் தளும்பிய கோப்பை
மேலிருந்து கீழே வழியும், நீளமாய்.
இது வழியவில்லை.
எதிரிலிருந்து வந்திருக்கிறது,
வட்டவட்டமாய்,
காலர் வரை தெறித்து.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி வந்தாள்.
ஓர்டென்சியா. கையில் சீட்டு,
அக்குளில் மடித்த செய்தித்தாள்.
கோட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.
சரக்கு லாரி ஒன்று கடந்து, இன்னொன்றும் கடந்தது.

'தூசி என்றா சொன்னார்?'
'தூசி என்றார்.'

சிரித்தாள், மூக்கால்.
'சைடர். கிறிஸ்துமஸ் இரவு.
கோப்பை அவருடையது.
கை என்னுடையது.'

ஏன் என்று கேட்பது என் தொழிலில்லை.
இனிப்பு சைடரா, புளிப்பா என்றேன்.
'இனிப்பு. இருப்பதிலேயே மலிவானது.'
எத்தனை நாள்?
விரல்விட்டு எண்ணினாள். 'பத்தொன்பது.'
நடுவில் யாராவது தண்ணீர் வைத்தீர்களா?
'யாரும் கிட்டப் போகவில்லை.'
நல்லது என்றேன்.
அரைகுறையாய்த் துடைத்ததுதான் கஷ்டம்.

சீட்டில் தூசியை அடித்துவிட்டு
சைடர் என்று எழுதினேன்.
'போகுமா?'
சத்தியம் செய்ய மாட்டேன். சூடு பட்டுவிட்டது.
ஓரத்திலிருந்து நடுவுக்குப் போக வேண்டும்,
நடுவில் தொடங்கினால் பரவும்.
இன்றைக்குள் முடியாது.
கறைக்குக் கூலி தனி.

'அவர் கணக்கில் எழுது' என்றாள்
போகாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு.

வினிகர் பாட்டிலைத் திறந்தேன்.
தூரிகையின் நுனியை மட்டும் நனைத்து
காலரருகே
எல்லாவற்றிலும் சின்னதாயிருந்த தீவில்
வைத்தேன்.